சென்சார் மேல் பழி போட்ட நாள்

போன வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, திருநெல்வேலிக்கு வடக்கே காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ரன்வேயில் நடந்தது இது. அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. பள்ளி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று, மாணவர்கள் கொஞ்சம், மயில்கள் நிறைய. அந்த விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று சொல்கிற பொறுப்பு என்னுடையது.

நான் மேலப்பாளையத்துக்காரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது துபாயிலோ சவூதியிலோ இருப்பார்கள், அதனால் விமானம் ஏறாத வீடே கிடையாது. ஆனால் விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். "உம்ம மவ என்ன செய்யுதா?" என்று யாராவது கேட்டால் எங்கள் உம்மா, "ஏரோப்ளேனுக்கு நட்டு முடுக்குதா" என்பாள். அது பெருமையா சலிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், பிடிவாதம் அதைவிட அதிகம். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எங்களிடம் ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். வாழை போடுகிற வீட்டுப் பெண். பக்கத்தில் ஆள் இல்லாமல் முதல்முறை தனியாகப் பறப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய கண்டம். அவளுக்கு அது ஏற்கெனவே தள்ளித் தள்ளிப் போயிருந்தது. "தீபாவளிக்குள்ள தனியா பறந்து காட்டு, இல்லன்னா பேசாம பி.எட். சேர்ந்துரு" என்று அவள் அப்பா கெடு வைத்துவிட்டார். கற்றுக்கொடுக்கும் கேப்டனோ மகள் பிரசவத்துக்காக, நான் சொல்லப்போகும் நாளுக்கு மறுநாள் மத்தியானம் ரயில் ஏறுகிறார், வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மழை பிடித்தால் ரன்வேயில் தண்ணீர் நின்றுவிடும். ஆக, மறுநாள் காலையில் பறந்தால் உண்டு, இல்லையென்றால் அவளுக்கு பி.எட். தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் விமானம் உதறத் தொடங்கியிருந்தது. தம்பி கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் திரும்பி வந்து பார்க்கிறேன், எஞ்சின் வேகம் பிடித்ததும் இருக்கை அதிர்கிறது, மிதியில் வைத்த கால் கூசுகிறது. "பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் கேப்டன். அவர் பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனுஷன், எத்தனையோ விமானம் பார்த்தவர். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. காருக்கு டயர் மாற்றினால் வீல் பேலன்ஸ் பார்ப்பார்கள் இல்லையா, அதே மாதிரி ப்ரொப்பெல்லருக்கும் பார்க்க ஒரு கருவி உண்டு. எங்களிடம் இல்லை. வெளியூர்ப் பள்ளி ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். அன்று சாயங்காலமே அதை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். "இது சரியாகாம அந்தப் பிள்ளைய தனியா ஏத்த மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியும்விட்டேன்.

காற்று எழும்பும் முன் வேலை முடிய வேண்டும் என்று அன்று விடிந்ததுமே தொடங்கினோம். நான், கேப்டன், அந்தப் பெண், எனக்கு உதவியாக இருக்கும் மெக்கானிக் அண்ணாச்சி, இவ்வளவு பேர்தான். அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர், மாதா கோயில் மணி அடித்தால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு சிலுவை போடுகிறவர். விசைப்படகு எஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்தார். வேலை அவ்வளவு சுத்தம். அந்தப் பெண் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பி நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, வாலைக் கட்டினோம். சாவியை உருவி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சாவி உள்ளே இருக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டாலும் பிடித்துக்கொள்ளும், கை நம்முடையதாக இருக்காது. தலைத்துணியின் நுனியைச் சட்டைக்குள் நன்றாகச் சொருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

மாட்ட வேண்டியது இரண்டு சென்சார். ஒன்று அதிர்வை உணர்கிறது. அதை எஞ்சினின் மூக்கில், ப்ரொப்பெல்லருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஒரு போல்ட்டில் இறுக்கினேன். அசைந்தால் போச்சு, அது தன் அசைவையே அதிர்வு என்று சொல்லிவிடும். இன்னொன்று வெளிச்சத்தைப் பார்க்கிறது. ப்ரொப்பெல்லரின் ஒரு இறக்கைக்குப் பின்பக்கம், வண்டிகளில் ஒட்டுவார்களே ரேடியம் ஸ்டிக்கர், அந்த மாதிரி ஒரு துண்டு ஒட்ட வேண்டும். இறக்கை ஒவ்வொரு சுற்று வரும்போதும் அந்தத் துண்டு பளிச்சிடும், சென்சார் அதைக் கண்டுகொள்ளும். இரண்டும் சேர்ந்து, ப்ரொப்பெல்லரில் எந்தப் பக்கம் கனம் என்று சொல்லிவிடும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கொஞ்சம் வாஷர் வைத்தால் சரியாகிவிடும். ஒயர்களை எஞ்சின் சூடு படாமல் ஓரமாக இழுத்துக் கட்டி, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

சாவியை வாங்கிக்கொண்டு கேப்டன் உள்ளே உட்கார்ந்தார். அந்தப் பெண் தீயணைப்பு சிலிண்டரோடு தள்ளி நின்றாள். எஞ்சின் பிடித்து, சத்தம் நிதானத்துக்கு வந்ததும் மீட்டரைப் பார்த்தேன். நல்ல அதிர்வுதான். ஒரு கடிகாரத்தை ப்ரொப்பெல்லர் மேல் வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி இருக்கும் பக்கம் கனம் என்றது. நிறுத்தச் சொல்லி, எதிர்ப்பக்கம் வாஷர் வைத்து, மறுபடி ஓட்டினோம். இப்போது கனம் ஏழு மணிப் பக்கம் என்றது. அதிர்வு குறையவே இல்லை. சரி, வைத்ததை எடுத்துவிட்டுப் பழையபடி ஓட்டிப் பார்ப்போம், இரண்டுக்கே திரும்பி வரத்தானே வேண்டும் என்று ஓட்டினால், பத்து என்றது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கேப்டன் இறங்கி வந்து, "சென்சார் தப்பா காட்டுதும்மா" என்றார். இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வெயில் நேராக வெளிச்ச சென்சாரின் கண்ணில் விழுகிறதோ என்று விமானத்தைக் கொஞ்சம் திருப்பினோம். ஸ்டிக்கரைப் பிய்த்து, துடைத்து, புதிதாக ஒட்டினேன். அதிர்வு சென்சாரைக் கழற்றி வேறு போல்ட்டில் மாட்டினேன். ஒயரை மாற்றுப் பக்கமாகக் கொண்டுபோனேன். வேர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்கக் கை சுத்தமில்லை. ஓட்டினோம். ஐந்து மணிப் பக்கம் கனம் என்றது. அடக் கடவுளே, முன்னுக்குப் பின் ஒட்டாத பதில்!

அதற்குள் வெயில் ஏறி, மேற்கே மலையிலிருந்து காற்று வீச ஆரம்பித்துவிட்டது. சுற்றியிருந்த காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. காற்று அடிக்கும்போது எடுக்கிற கணக்குக்கு மதிப்பில்லை. கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கருவியில கோளாறு இருக்கு, திருப்பி அனுப்பிரு. சாயங்காலம் நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கேன், சரின்னு பட்டா காலைல அவ போகட்டும்" என்றார். அதை அந்தப் பெண்ணும் கேட்டுவிட்டாள். ஓடி வந்து, "அக்கா, சார் ஓட்டிப் பாத்தா போதும்லா? ப்ளீஸ்க்கா" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சார் ஓட்டும்போது எதாவது ஆனா சாருக்கு சமாளிக்கத் தெரியும். உனக்குத் தெரியுமாட்டி? நான் என் வாயால சரின்னு சொல்ல மாட்டேன்" என்று கத்திவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு என்னைவிடப் பெரிய எதிரி உலகத்திலேயே இருந்திருக்க முடியாது.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இறக்கை நிழலில் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி எனக்குத் தண்ணீர் கொண்டு வைத்துவிட்டுப் போனார். எங்கே தப்பு விட்டேன் என்று ஒவ்வொரு ஓட்டமாகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மீட்டர் இஷ்டத்துக்கு அங்குமிங்கும் குதிக்கவில்லை. எஞ்சின் ஓடுகிற நேரம் முழுக்க முள் ஆணி அடித்துவைத்தாற்போல் ஒரே பக்கம்தான் நின்றது. நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் வேறு பக்கம் போனது. சென்சார் லொடலொடத்தால் ஓடும்போதே அல்லவா ஆட்டம் காட்டும்? இது நிறுத்தினால்தான் இடம் மாறுகிறது.

மிக்ஸி ஜாருக்குள் ஒரு புளியங்கொட்டை கிடந்தால் என்ன ஆகும்? சுற்றும்போது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் கீழே விழும். மறுபடி சுற்றினால் வேறு எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், சென்சார் சரியாத்தான் சொல்லுது. ஸ்பின்னருக்குள்ள என்னமோ கெடக்கு" என்றேன். ப்ரொப்பெல்லருக்கு நடுவில் கூம்பு மாதிரி ஒரு மூடி இருக்கும், அதைத்தான் ஸ்பின்னர் என்போம். கேப்டன் நம்பவில்லை. "நீ லீவுல இருக்கும்போதுதானம்மா அதக் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டினோம். என் கண்ணு முன்னாலதான் எல்லாம் நடந்துச்சு, உள்ள ஒரு தூசி கூட இல்ல" என்றார். மூடும்போதும் நின்றீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, அந்த நேரம் போன் வந்தது, நகர்ந்துபோனேன் என்றார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அண்ணாச்சி வந்து என் கையைத் தடுத்தார். "இரு தங்கச்சி, நான் கழட்டுதேன்." அவர் முகம் வெளுத்திருந்தது. ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்தார். படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கிற கை அது, அன்றைக்கு ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. ஸ்பின்னரைப் பைய வெளியே இழுத்தார். நான் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றேன். அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துணி முடிச்சு என் உள்ளங்கையில் விழுந்தது. துணி நைந்து கிழிந்திருந்தது. உள்ளே மாதா உருவம் பொறித்த பித்தளைச் சுரூபம் ஒன்று, கழுத்துச் சங்கிலியில் கோர்ப்பதைவிடப் பெரிது, நல்ல கனம். மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு ஒரு துண்டு, அறுந்துபோனது, அதோடு தொங்கியது.

அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. என் மதம் வேறாக இருந்தால் என்ன, ஒருத்தர் கும்பிடுகிற பொருள். டூல்பாக்ஸ் மேல் சுத்தமான துணி விரித்து வைத்தேன்.

"நான்தான் சார் வச்சேன்" என்றார் அண்ணாச்சி. யாரும் கேட்கும் முன்னாலேயே சொன்னார். அவர்கள் ஊரில் படகு எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தால், மூடுவதற்கு முன்னால் மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபம் ஒன்றை உள்ளே கட்டித்தான் மூடுவார்களாம். அதில்லாமல் கடலுக்குப் போகிற எஞ்சினை அவர் மூடியதே இல்லையாம். இந்தப் பிள்ளை தனியாகப் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஊருக்குப் போய் மந்திரித்து வாங்கி வந்திருக்கிறார். "போல்ட்டுக் கம்பியில தங்கூசியால கட்டினேன் சார். சுறா இழுத்தாலே அறாது அது. இது அறும்னு நான் கனவுல கூட நெனைக்கலயே" என்றார். படகில் சுரூபம் ஒரு மூலையில் பேசாமல் இருக்கும். இங்கே அவர் கட்டியது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற இடம். ஒரு சின்னப் பித்தளைத் துண்டு அந்த வேகத்தில் கிலோக் கணக்கில் இழுக்கும் என்று அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

டார்ச் அடித்து ஸ்பின்னரின் உட்பக்கத்தைப் பார்த்தேன். அங்கங்கே தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரு ஸ்க்ரூ துளையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. கேப்டனிடம் காட்டினேன். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். வானத்தில் அது பிளந்திருந்தால், பறந்து வரும் துண்டு நேராகக் கண்ணாடிக்குத்தான் வரும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பிள்ளை ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள்.

அண்ணாச்சியை நான் திட்டினேன் பாருங்கள், அப்படி என் வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. வயசில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நடுவில் எனக்கே அழுகை வந்துவிட்டது. ஏன் என்றால் எஞ்சின் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் நானும்தான் வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்கிறேன். எனக்கும் அவருக்கும் பயம் ஒன்றுதான், ஆசையும் ஒன்றுதான். நான் சொல்வது எடை இல்லாதது, அவர் வைத்தது எடை உள்ளது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். அவளிடமும் அவரே சொன்னார். அவள் அழுவாள், இல்லையென்றால் "பரவாயில்லை மாமா" என்பாள் என்று நினைத்தேன். அவள் விரிசலைப் பார்த்துவிட்டு, "பறக்கப் போறது நான். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாமா?" என்றாள். நான் அத்தனை நேரம் திட்டியதெல்லாம் அவர் மேல் படவே இல்லை, இந்த ஒரு கேள்வியில் மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. கருவி சாயங்காலம் பஸ் ஏற வேண்டும். அந்த வகை விமானம் ஸ்பின்னர் இல்லாமலும் பறக்கலாம் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. ஆனாலும் நானும் கேப்டனும் ஆளுக்கு ஒருமுறை படித்து உறுதி செய்துகொண்டோம். உள்ளே இருந்த போல்ட்டுகளை ஒன்று விடாமல் சோதித்தேன், அவை கழலாமல் கட்டியிருக்கும் கம்பி உராய்ந்திருந்தது, அதை மாற்றினேன். "அண்ணாச்சிய இனிமே எஞ்சின் பக்கம் விடாத" என்றார் கேப்டன். அதை மேலிடத்தில் சொல்லி அப்புறம் முடிவு செய்யுங்கள், இன்றைக்கு எனக்கு அந்தக் கை வேண்டும் என்றேன். "அவர் முடுக்கட்டும், ஒவ்வொண்ணையும் நான் பாக்கேன்." கேப்டன் என்னை முறைத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

வெயில் தாழ்ந்ததும் காற்று அடங்கியது. காலையில் செய்த அத்தனையையும் முதலில் இருந்து செய்தேன். சென்சாரை இறுக்கி, ஸ்டிக்கரைத் துடைத்து, ஒயரை இழுத்துப் பார்த்து, சாவியைக் கேப்டனிடம் கொடுத்தேன். ஓட்டினோம். நாலு மணிப் பக்கம் கனம். அதிர்வு காலையில் இருந்ததில் பாதி கூட இல்லை. நிறுத்தினோம். மறுபடி ஸ்டார்ட். நாலு மணி! மறுபடியும் நிறுத்தி ஸ்டார்ட். நாலேதான்! நான் கத்திய கத்தலில் ரன்வே ஓரத்தில் மேய்ந்த மயில்கள் எல்லாம் பறந்துவிட்டன. எதிர்ப்பக்கத்தில் அண்ணாச்சி வாஷர் வைத்து முடுக்கினார். இன்னொரு தடவை ஓட்டியபோது மீட்டரில் அதிர்வு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேப்டன் உள்ளே இருந்தபடியே எனக்கு சல்யூட் அடித்தார்.

மறுநாள் காலையில் கேப்டன் முதலில் ஒரு சுற்று போய் வந்தார். பிறகு அவர் இறங்கிக்கொள்ள, அவள் ஏறினாள். என்னைப் பார்த்து, "சரியாக்கா?" என்று கேட்டாள். சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முந்தின நாள் முழுக்க நான் மறுத்ததன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கும் புரிந்திருக்கும். விமானம் தரையை விட்டு எழும்பியதும் அண்ணாச்சி பார்க்க முடியாமல் கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கும் பிசிறு தட்டவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் "இறங்கிட்டா அண்ணாச்சி" என்றேன். மனுஷன் சுவரில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளி அவரைச் சில வாரம் எஞ்சினைத் தொட விடவில்லை, திரும்ப விட்டபோது என் பொறுப்பில்தான் விட்டது. இப்போது எந்த மூடியை மூடுவதற்கு முன்னாலும், அங்கே யார் நின்றாலும், உள்ளே யாராவது ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்கிறேன், கோபப்படாமல் கேட்கிறேன். என் பிடிவாதம்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது என்று மற்றவர்கள் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளை அந்த ஆபத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியதும் அவள் நல்லா இருக்க வேண்டும் என்று ஏங்கிய ஒரு மனசுதான் என்பதை என்னால் மறக்க முடியவில்லை, அதனால் யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம் முதலில் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.